நோபலின் உயிலும் அண்ணன் பிள்ளைகளும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசர வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு வந்து நிதானமாகப் படியுங்கள்.

டைனமைட்டைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் வகுப்பே எழுந்து நின்று "ஆல்ஃபிரட் நோபல், டீச்சர்!" என்று கத்துவீர்கள். அவர் பெயரில் பரிசு கொடுக்கிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பரிசுப் பணம் நியாயமாகத் தங்களுக்கு வரவேண்டியது என்று அவருடைய அண்ணன் பிள்ளைகள் நினைத்தார்கள், நீதிமன்றம் வரை போனார்கள் என்பதைச் சொல்லப் பாடப்புத்தகத்தில் இடமில்லை. பாடவேளை நாற்பது நிமிடம்தானே. இப்போது மணி அடிக்க ஆளில்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஏன் இதை இப்போது சொல்கிறேன் என்பது நடுவில் வரும்.

ஆல்ஃபிரட் நோபல் 1833-இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். ராபர்ட், லுட்விக் என்று இரண்டு அண்ணன்கள். எமில் என்று ஒரு தம்பி. 1864-இல் நைட்ரோகிளிசரின் வெடித்துத் தம்பி இறந்துபோனான். அண்ணன்கள் இருவரும் ரஷ்யாவில் பாகு எண்ணெய்க் கிணறுகளில் தொழில் செய்து பெரிய ஆட்களானார்கள். ஆல்ஃபிரட் 355 காப்புரிமைகள் பெற்றார், பல நாடுகளில் தொழிற்சாலைகள் வைத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளை இல்லை. லுட்விக் 1888-இல் போனார். ராபர்ட் 1896 ஆகஸ்டில் போனார். அதே ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி இத்தாலியில் சான் ரெமோ என்ற கடற்கரை ஊரில் ஆல்ஃபிரட்டும் போய்விட்டார். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் வேலைக்காரர்கள்தான். செய்தி கேட்டுப் புறப்பட்ட அண்ணன் பிள்ளைகள் இருவரும் வந்து சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது.

பிள்ளையில்லாத பெரிய பணக்காரச் சித்தப்பா இறந்தால் அண்ணன் வீட்டுப் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? ஸ்வீடனாக இருந்தால் என்ன, செங்கல்பட்டாக இருந்தால் என்ன, மனசு ஒன்றுதான். அதைப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். வேறு யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பு இயல்பாக வருவது.

உயில் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கியில் இருந்தது. 1895 நவம்பர் 27 அன்று பாரிஸில், நான்கு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்தானது. வக்கீல்கள் மேல் ஆல்ஃபிரட்டுக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் யாரையும் கலக்காமல் தன் கையாலேயே ஸ்வீடிஷ் மொழியில் எழுதிவைத்தார். அதில் உறவினர்களுக்கு என்ன எழுதினார் என்று பார்ப்போம். ராபர்ட்டின் மகன்கள் யால்மருக்கும் லுட்விக்குக்கும் தலா 2 லட்சம் குரோனர். இரண்டாவது அண்ணன் லுட்விக்கின் மூத்த மகன் இமானுவேலுக்கு 3 லட்சம். மீனா என்ற அண்ணன் மகளுக்கு 1 லட்சம். ராபர்ட்டின் மகள்கள் இருவருக்கும் தலா 1 லட்சம். கூட்டிப் பாருங்கள், சரியாக 10 லட்சம் வரும். மொத்தச் சொத்தோ 3 கோடியே 10 லட்சத்துக்கு மேல். முப்பதில் ஒரு பங்குதான் உறவுக்கு.

மிச்சமெல்லாம் மனித குலத்துக்கு நன்மை செய்தவர்களுக்கு ஆண்டுதோறும் பரிசு.

இதற்கு முன்னால் 1893-இல் ஓர் உயில் எழுதியிருந்தார். அதில் உறவினர்களுக்கும் நண்பர்களுக்குமாக ஐந்தில் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தார். இரண்டே ஆண்டில் மனம் மாறிவிட்டது. பெரிய சொத்து உழைக்காமல் கைக்கு வந்தால் மனிதன் சோம்பேறியாகிவிடுவான் என்பது அவருடைய கொள்கை. கொள்கையைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அமைதிக்காக ஒரு பரிசு வைக்கப்போகிறேன் என்று பெர்த்தா வான் சுட்னர் என்ற தோழிக்கு 1893-லேயே கடிதம் எழுதியவர், அண்ணன் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து "உங்களுக்கு இவ்வளவுதான், மற்றது இதற்குப் போகிறது, காரணம் இது" என்று சொல்லவில்லையே. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

சொல்லாமல் விட்டது உறவினர்களிடம் மட்டுமல்ல. பரிசு கொடுக்க வேண்டும் என்று உயிலில் எழுதப்பட்ட ஸ்வீடன் அறிவியல் கழகம், கரோலின்ஸ்கா நிறுவனம், ஸ்வீடன் இலக்கியக் கழகம், நார்வே நாடாளுமன்றம் ஆகிய நான்கு இடங்களிலும் "இந்தப் பொறுப்பை ஏற்பீர்களா?" என்று அவர் கேட்கவில்லை. பணத்தை வாங்கி வைத்துக்கொள்ள ஓர் அமைப்பும் கிடையாது. நோபல் அறக்கட்டளை பிறகு உருவானதுதான். உயிலை நிறைவேற்ற அவர் நியமித்த இருவரில் ஒருவர் ராக்னர் சோல்மன். வயது 26! சான் ரெமோவுக்கு ஓடி வந்த பிறகுதான் தன் தலையில் இப்படி ஒரு பொறுப்பு விழுந்திருக்கிறது என்பதே அந்தப் பையனுக்குத் தெரியும். இன்னொருவர் லில்யெக்விஸ்ட் என்ற பொறியாளர். அவர் நோபலிடம் பழகியதே மிகக் குறைவு.

1897 ஜனவரி தொடக்கத்தில் உயில் ஸ்வீடன் பத்திரிகையில் வெளியானது. ஊரே பேசத் தொடங்கியது. ஸ்வீடன் பணத்தை வெளிநாட்டாருக்கு வாரிக் கொடுப்பதா என்று ஒரு கூட்டம். நார்வேக்கு எதற்கு அமைதிப் பரிசு என்று இன்னொரு கூட்டம். அப்போது இரண்டு நாட்டுக்கும் ஒரே மன்னர், உள்ளுக்குள் புகைச்சல். குடும்ப விஷயம் தெருவுக்கு வந்தால் ஆளாளுக்கு நாட்டாமை செய்வார்கள் அல்லவா, அப்படித்தான்.

இனி நடந்ததுதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி.

சொத்தில் பெரும்பகுதி பங்குப் பத்திரங்கள், கடன் பத்திரங்கள். அவற்றில் நிறைய பாரிஸ் வங்கிகளில் கிடந்தன. ஆல்ஃபிரட் பல வருடம் பாரிஸில் வாழ்ந்தவர், மலகோஃப் சாலையில் சொந்த வீடு இருந்தது. அவர் பிரான்ஸ் வாசி என்று பிரெஞ்சு நீதிமன்றம் முடிவு செய்துவிட்டால் வரி ஒரு பக்கம், உயிலே செல்லாமல் போகும் ஆபத்து மறுபக்கம். ஸ்வீடன் வாசிதான் என்று காட்ட ஒரு வாதம் இருந்தது. போஃபோர்ஸ் தொழிற்சாலையைக் கடைசிக் காலத்தில் வாங்கியிருந்தார். (போஃபோர்ஸ் என்றதும் 1987-ஐ நினைக்கும் வயதுக்காரர்கள் கை தூக்கலாம். அதே கம்பெனிதான்.) அதன் பக்கத்தில் ஒரு மாளிகையும், அவருக்கென்று ரஷ்யாவிலிருந்து வந்த குதிரைகளும் இருந்தன. ஒருவருடைய வண்டிக் குதிரைகள் எங்கே நிற்கின்றனவோ அதுதான் அவர் வீடு என்று வாதம் நடந்ததாக ஒரு கதை உண்டு. ரேஷன் அட்டையும் ஆதாரும் இல்லாத காலம், குதிரைதான் முகவரிச் சான்று!

இந்த வாதம் முடியும்வரை காத்திருந்தால் பிரான்சில் சொத்து முடக்கப்பட்டுவிடும். எனவே சோல்மன் ஒரு காரியம் செய்தார். பாரிஸில் இருந்த ஸ்வீடன் தூதரக அதிகாரி நோர்ட்லிங்கின் ஒத்துழைப்போடு, வங்கிப் பெட்டகங்களில் இருந்த பத்திரங்களைக் கட்டுக்கட்டாக எடுத்து, குதிரை வண்டியில் வைத்து, கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு தூதரகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே பட்டியலிட்டு, கட்டி, முத்திரை வைத்து, ரயில் நிலையத்தில் காப்பீட்டுத் தபாலாக லண்டனுக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் அனுப்பினார். ராத்ஸ்சைல்டு வங்கி மூலம் ஒரு நாளைக்கு 25 லட்சம் பிராங்க் அளவுக்குத்தான் காப்பீடு கிடைத்தது, அதனால் நாள்கணக்கில் இந்த வேலை நடந்தது.

அதே நாட்களில் யால்மர், அவருடைய தம்பி லுட்விக், அவர்கள் சகோதரியின் கணவர் ரிடர்ஸ்டோல்பே பிரபு மூவரும் பாரிஸுக்கு வந்து சேர்ந்தார்கள். உயிலை எதிர்ப்பது பற்றிப் பேசத்தான். நோர்ட்லிங் அந்தக் குடும்பத்துக்கு நண்பரும்கூட. ஒரு கட்டத்தில் தூதரகத்தின் ஓர் அறையில் அவர் உறவினர்களோடு பேசிக்கொண்டிருக்க, இன்னோர் அறையில் சோல்மன் சொத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்!

நோர்ட்லிங்குக்கு மனசாட்சி குத்தியது. இனியும் மறைப்பது சரியில்லை, சொல்லிவிட வேண்டும் என்றார். சமாதானமாகப் பேசலாம் என்று ஒரு விருந்து ஏற்பாடானது. சாப்பாட்டு மேசையில் பேச்சு வழக்கை நோக்கிப் போனபோது, சொத்தெல்லாம் பாரிஸை விட்டுப் போய்விட்டது என்ற செய்தி வெளியே வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களால் அதை நம்பக்கூட முடியவில்லை. நம்பிய பிறகு, மிச்சமிருந்த சொத்துகளையாவது முடக்கிவிட வேண்டும் என்று ஓடினார்கள். 1898-இல் ராபர்ட் குடும்பத்தார் ஸ்வீடன் நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தார்கள்.

இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழே எழுதுங்கள். சோல்மன் பத்திரங்களை ரகசியமாக நகர்த்தியதைக் குறை சொல்ல முடியாது. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் மறுநாளே நீதிமன்றத் தடை வந்திருக்கும், இறந்தவரின் விருப்பம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பக்கத்து அறையில் ஆளை வைத்துக்கொண்டு கட்டிய கட்டு இருக்கிறதே, அது வேறு. பணம் குறைந்ததைவிட, நம்மை வைத்துக்கொண்டே ஏமாற்றினார்கள் என்ற எண்ணம்தான் அந்த மூவரையும் சுட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, ஏன் இந்தக் கதை இப்போது?

பழைய மாணவி ஒருத்தி உள்பெட்டியில் கேட்டாள். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இவ்வளவும் எழுதுகிறேன். பிள்ளையில்லாத, கணவரை இழந்த சித்தி ஒருவர் சமீபத்தில் காலமாகிவிட்டார். வீட்டையும் வங்கியில் இருந்த வைப்புத் தொகையையும் இவள் பெயருக்கு உயில் எழுதிவைத்திருக்கிறார். இவளே எதிர்பார்க்கவில்லை. இவளுக்கு ஓர் அண்ணன், ஒரு தங்கை. சித்திக்கு அவர்களும் பிள்ளைகள் மாதிரிதான். "டீச்சர், அவர்களிடம் சொல்லலாமா, வேண்டாமா? சொன்னால் பங்கு கேட்பார்களோ, பேச்சு நின்றுபோகுமோ என்று பயமாக இருக்கிறது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்று கேட்டாள்.

நான் வக்கீல் இல்லை. இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பத்தைந்து வருடம் சாக்பீஸ் பிடித்தவள். இருந்தாலும் எனக்குத் தெரிந்த இரண்டு விஷயங்களை அவளிடம் சொன்னேன். நம் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளையில்லாத ஒரு விதவை உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொத்து முதலில் கணவர் வீட்டு வாரிசுகளுக்குத்தான் போகும். பெற்றோர் வழியில் வந்த சொத்து மட்டும் அப்பா வழி வாரிசுகளுக்குத் திரும்பும். ஆகவே இந்த உயில் அவளுடைய அண்ணன் தங்கையை மட்டும் பாதிக்கவில்லை, சித்தப்பா வீட்டாரையும் பாதிக்கிறது. இன்னொன்று, "யாருக்குத் தெரியப்போகிறது" என்பது நடக்காது. பட்டா மாறும், சொத்து வரி ரசீதில் பெயர் மாறும், வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த கல்யாண வீட்டில் யாராவது ஒருவர் "என்னம்மா, சித்தி வீடு உனக்காமே!" என்று சத்தமாகக் கேட்பார். அந்தக் கேள்வியை அண்ணன் பந்தியில் உட்கார்ந்து காதில் வாங்குவதும், தங்கை வந்து சொல்லித் தெரிந்துகொள்வதும் ஒன்றா?

முதலில் உயிலின் மூலப் பிரதி பத்திரமாக இருக்கட்டும், நல்ல வக்கீல் ஒருவரிடம் காட்டு, ஆவணங்களுக்கு நகல் எடுத்துவை, அதுவரை வாய் திறக்காதே என்றேன். அது சோல்மனிடம் படித்தது. அதற்குப் பிறகு ஒரு நாள்கூடத் தள்ளாதே, அண்ணனையும் தங்கையையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்து, காகிதத்தைக் கையில் கொடுத்து நீயே சொல் என்றேன். பங்கு கொடுப்பதா இல்லையா என்பது அவளுடைய இஷ்டம், அதில் நான் தலையிடவில்லை. இது யாரிடம் படித்தது என்று சொல்லத்தான் மிச்சக் கதை.

இமானுவேல் நோபல். ஆல்ஃபிரட்டின் அண்ணன் மகன், ரஷ்யாவில் பாகு எண்ணெய்க் கம்பெனியை நடத்தியவர். உயிலால் மிக அதிகமாக அடிபடக்கூடியவர் அவர்தான். அந்தக் கம்பெனியில் ஆல்ஃபிரட்டுக்கு ஏராளமான பங்குகள் இருந்தன. உயிலின்படி எல்லாவற்றையும் விற்றுப் பணமாக்கியாக வேண்டும். அவ்வளவு பங்குகள் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் கம்பெனி ஆட்டம் கண்டுவிடும். உயில் உடைந்தால் கம்பெனியும் காப்பாற்றப்படும், பங்கும் கிடைக்கும். ஆனாலும் தொடக்கத்திலிருந்தே அவர் சோல்மனிடம் மரியாதையாக நடந்துகொண்டார். உயிலை நிறைவேற்றுபவருக்கு ரஷ்ய மொழியில் உள்ள சொல்லை அவரிடம் நினைவுபடுத்தினார். இறந்தவரின் ஆன்மாவுக்காகப் பேசுகிறவர் என்று அதற்குப் பொருளாம். எவ்வளவு கனமான சொல், பாருங்கள்.

1898 பிப்ரவரியில் மன்னர் இரண்டாம் ஆஸ்கர் இமானுவேலைக் கூப்பிட்டு அனுப்பினார். உன் சித்தப்பா அமைதிவாதிகளின் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போனார், உன் தம்பி தங்கைகளின் நலனைப் பார்ப்பது உன் கடமை என்கிற மாதிரி பேசினார். இமானுவேல் மறுத்துவிட்டார். நியாயமாக எங்களுக்குச் சேரவேண்டிய பணத்தை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று நாளைக்கு அறிஞர்கள் என் உடன்பிறந்தவர்களைக் குறை சொல்லும்படி விடமாட்டேன் என்பதுதான் அவர் பதிலின் சாரம். மன்னரிடம் இப்படிப் பேசிவிட்டு வந்தாரே என்று அவருடைய ரஷ்ய வக்கீல் நடுங்கிப்போய், உடனே ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்று அவசரப்படுத்தினாராம். ரஷ்யாவில் பழகியவர், ஜார் மன்னரின் ஞாபகம்.

தன் கட்சி எது என்பதை இமானுவேல் மறைக்கவில்லை. குடும்பம் முழுவதும் அறிய, உயிலை மதிக்கிறேன் என்று அறிவித்தார். கம்பெனிப் பங்குகளை உரிய விலை கொடுத்துத் தாமே எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்துகொண்டார். மூத்தவர் ஒருவர் வெளிப்படையாக நின்றதும் மற்ற தரப்புக்கு வலு குறைந்தது. 1898 நடுவிலேயே ராபர்ட் குடும்பமும் சமாதானத்துக்கு வந்தது. அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. சொத்தின் வருமானத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கிடைத்தது. பரிசு விதிகளை எழுதும்போது குடும்பத்தின் பிரதிநிதி ஒருவரைக் கலந்துகொள்ள வேண்டும் என்றும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு பரிசும் கொடுத்தே ஆகவேண்டும் என்றும் எழுதி வாங்கினார்கள். இந்த நிபந்தனைகளை நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். பணத்தை மட்டும் பார்ப்பவர்கள் பரிசு ஒழுங்காகக் கொடுக்கப்பட வேண்டும் என்று ஏன் கேட்கப்போகிறார்கள்? ஆரம்பத்திலேயே கூப்பிட்டுக் கேட்டிருந்தால் இதே மனிதர்கள் துணையாக நின்றிருக்க மாட்டார்களா?

1900 ஜூன் 29-இல் மன்னர் விதிகளுக்கு ஒப்புதல் கொடுத்தார். அவரேதான்! 1901 டிசம்பர் 10 அன்று, ஆல்ஃபிரட் இறந்த அதே தேதியில், முதல் பரிசுகள் கொடுக்கப்பட்டன. எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ரோன்ட்கன் அன்று இயற்பியல் பரிசு வாங்கினார். அந்தப் பணத்திலிருந்துதான் 1930-இல் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனுக்கும், 1983-இல் அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகருக்கும், 2009-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கும் பரிசு வந்தது. (இங்கேயும் சித்தப்பா, அண்ணன் மகன். இவர்களுக்குள் சொத்துத் தகராறு கிடையாது, இருவருக்கும் பரிசு!)

யால்மரையும் அவர் தம்பியையும் பேராசைக்காரர்கள் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படி எழுதமாட்டேன். அப்பா இறந்த நாலே மாதத்தில் சித்தப்பாவும் இறந்திருக்கிறார். அந்தத் துக்கத்தில், சித்தப்பா நம்மைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை ஒரு காகிதம் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள்.

இமானுவேல் அவ்வளவு சிரமப்பட்டுக் காப்பாற்றிய எண்ணெய்க் கம்பெனியை ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு போல்ஷ்விக்குகள் எடுத்துக்கொண்டார்கள். அவர் தப்பி ஸ்வீடன் வந்து 1932-இல் காலமானார். சோல்மன் பிற்காலத்தில் அதே நோபல் அறக்கட்டளையின் நிர்வாக இயக்குநராக 1929 முதல் 1946 வரை இருந்தார். 1948-இல் அவர் இறந்து, இரண்டு ஆண்டு கழித்து, இந்த உயில் விவகாரம் முழுவதையும் பற்றி அவர் எழுதிவைத்திருந்த புத்தகம் வெளிவந்தது. குதிரை வண்டியும் துப்பாக்கியும் விருந்தும் அதில் இருக்கின்றன. அந்த ரகசியத்தை உலகத்துக்கு எழுதிவைத்தவர் சோல்மனேதான்.